மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கரைப் பறவை நடை: கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரி நிறைந்து, வலசை வந்த வாத்துகள் நடுநீரில் மிதக்கும் காலம் இது. பறவை பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருப்பது தெரிந்தால் தெருவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "எங்களையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்." சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் தனியாகப் போவது ஒரு வேலை, பதினைந்து பேரைக் கூட்டிப் போவது முற்றிலும் வேறு வேலை. கூட்டிப் போகிறவர் பாதி நேரம் ஏரிக்கு முதுகைக் காட்டியபடி ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பறவைகளின் பெயர் தெரிந்திருப்பது அவசியம்தான், ஆனால் அது இரண்டாம் பட்சம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தத் திசை பார்த்து ஆட்களை நிறுத்துகிறீர்கள் என்பதை வைத்துத்தான் நடை நன்றாக அமையும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற மாவட்டக் கண்மாய்களுக்கும் குளங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த ஏரி, எந்தக் கரை

முதல் நடைக்கு வேடந்தாங்கலே போய்விடலாம் என்று பலரும் நினைப்பார்கள். கூடு கட்டும் பறவைகளை நூற்றுக்கணக்கில் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூட்டம் அலைமோதும். நின்று விளக்கிச் சொல்ல இடம் இருக்காது. வேடந்தாங்கலில் கூடு வைத்திருக்கும் நாரைகளும் கொக்குகளும் இரை தேடிச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான் வருகின்றன. ஆகவே உங்கள் ஊர் ஏரியிலேயே அவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்து ஏரிகளில் ஒரு வசதி உண்டு. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால், வரும் தண்ணீரை மறிக்கும் கரையைப் பெரும்பாலும் கிழக்குப் பக்கம் போட்டிருப்பார்கள். காலையில் அந்தக் கரைமேல் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் தண்ணீர்மேல் நேராக விழும். வாத்தின் கண்ணும் அலகின் நிறமும் தெளிவாகத் தெரியும். அதே கரையில் மாலை நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். சில ஏரிகளுக்கு வடக்கிலோ தெற்கிலோ கரை இருக்கும். அங்கே எந்த முனையிலிருந்து தொடங்கினால் வெயில் முகத்தில் அடிக்காது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால், பிறகு எவ்வளவு விலையுயர்ந்த பைனாகுலர் கொண்டுவந்தாலும் பயன் இல்லை.

தூரம் ஒன்று அல்லது ஒன்றரை கிலோமீட்டர் போதும். அதை இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் நடப்போம். "இவ்வளவுதானா?" என்று கேட்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். முதல் மதகைத் தாண்டுவதற்குள் அவர் கேள்வி மறந்துபோகும்.

முன்கூட்டியே ஒரு முறை

நடை காலை ஆறரைக்கு என்றால், அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் அதே ஆறரைக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பிரயோஜனம் இல்லை. வாத்துக் கூட்டம் எந்த மூலையில் ஒதுங்குகிறது, எந்தப் புதரில் கீச்சான் உட்கார்கிறது, தண்ணீர் எங்கே வடிந்து சேறு தெரிகிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில் போனால்தான் பிடிபடும். பழுப்புக் கீச்சான் குளிர்காலம் முழுக்கத் தன் இடத்தை விடாமல் காவல் காக்கும், அடுத்த வருடமும் அதே வேலிக்குத் திரும்பி வரக்கூடியது. அதன் புதரைக் குறித்துவைத்தால் நடையன்று நிச்சயமாகக் காட்டக்கூடிய பறவை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆபத்துகளையும் அன்றே பார்த்துவிட வேண்டும். கரையோரப் பனைகளில் கதண்டு என்கிற விஷக் குளவியின் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கமே குழுவைக் கொண்டுபோகாதீர்கள், இதில் சமரசம் கூடாது. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். பனியில் நனைந்த களிமண் வழுக்கும். மதகுத் தொட்டியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் குழந்தைகளை அங்கே யார் பிடித்துக்கொள்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

அப்புறம் கழிப்பறை. இதைப் பலரும் சொல்லவே மாட்டார்கள், பெண்கள் வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பக்கத்தில் பெட்ரோல் பங்க், பள்ளி, தெரிந்தவர் வீடு என்று ஏதாவது ஒன்றைப் பேசிவைத்து, அழைப்பிலேயே குறிப்பிடுங்கள்.

யாரிடம் சொல்ல வேண்டும்

சரணாலயம், காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் குழுவைக் கூட்டிப் போகக் கூடாது. ஊர் ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறை அல்லது ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும். நாலு பேர் காலையில் கரையில் நடப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். பதினைந்து பேர் பைனாகுலரும் கேமராவுமாகப் போய் நின்றால் "ஏரியை அளக்க வந்திருக்காங்க" என்று ஊரில் பேச்சு கிளம்பும். ஊராட்சித் தலைவருக்கோ அங்கே தெரிந்த ஒருவருக்கோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அதைவிட முக்கியமானவர் மீன் குத்தகை எடுத்தவர். நீர்க்காகம் மீனைத் தின்கிறது என்று வெடி போட்டு விரட்டுகிற ஏரிகள் உண்டு. அவருடைய கோபத்தில் நியாயமும் இருக்கிறது. "அண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலையில கொஞ்சம் பேர் வர்றோம், எந்தப் பக்கம் வலை போடுவீங்க?" என்று கேட்டால் போதும். எந்த மூலையில் எந்த வாத்து இறங்குகிறது என்று அவரே சொல்வார். வருடம் முழுக்க அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

நாள், நேரம், ஆள் கணக்கு

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். ஏரி விளிம்பு வரை நிறைந்திருக்கும்போது வாத்துகள் தூரத்தில் நிற்கும், ஓரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு நிற்க இடமே இருக்காது. பாசனத்துக்குத் திறந்துவிட்டுத் தண்ணீர் கொஞ்சம் இறங்கி, ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கும்போது போனால் இரண்டும் கிடைக்கும். அந்தச் சமயம் ஏரிக்கு ஏரி மாறும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் இரண்டு. போகியன்று புகையும் பனியும் கலந்து பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. காணும் பொங்கலன்று ஏரிக்கரை முழுக்க வேறு கூட்டம் இருக்கும். இடையில் உள்ள நாட்களில் தமிழகமெங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். உங்கள் நடையை அதில் சேர்த்துக்கொண்டால் ஆட்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாட்கள் நடக்கும் கணக்கெடுப்பும் இருக்கிறது. அந்த நாட்களில் கல்லூரி மாணவர்களைச் சேர்ப்பது எளிது.

ஜனவரியில் இங்கே சூரிய உதயம் ஆறரை மணியை ஒட்டி. ஆறேகாலுக்கு வரச் சொன்னால் ஆறரைக்கு எல்லோரும் இருப்பார்கள். அதற்கு மேல் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள். ஒன்பது மணிக்கு முடித்துவிடுங்கள்.

ஒரு வழிகாட்டிக்குப் பன்னிரண்டு பேர் சரியான அளவு, பதினைந்து உச்சம். அதற்கு மேல் போனால் கடைசியில் நிற்பவருக்கு நீங்கள் சொல்வது கேட்காது, அவர் போனை எடுத்துவிடுவார். இருபது பேர் பதிந்தால் இரண்டு குழுவாக்கி, கரையின் இரு முனைகளிலிருந்தும் தொடங்கச் சொல்லுங்கள். வரிசையின் கடைசியில் விவரம் தெரிந்த ஒருவர் கட்டாயம் நடக்க வேண்டும். பின்தங்குபவரைக் கவனிப்பது, சிறு சிறு கேள்விகளுக்குப் பதில் சொல்வது, தெரு நாய் குரைத்தால் எல்லோரையும் சேர்ந்து நிற்கவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

அழைப்பில் எழுத வேண்டியவை: கூடும் இடம், முடியும் நேரம், மூடிய காலணி, காதுக்கு மப்ளரோ குல்லாவோ, தண்ணீர், பச்சை, பழுப்பு, சாம்பல் போன்ற மங்கலான நிற உடை. வெள்ளைச் சட்டை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். பைனாகுலர் இல்லாதவர்களும் வரலாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் தயங்கி நின்றுவிடுவார்கள்.

பைனாகுலரைப் பழக்குதல்

8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். புதியவர்களுக்கு எட்டு மடங்கு போதும். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். மூன்று பேருக்கு ஒன்று என்று பகிர்ந்துகொள்ளலாம்.

ஆரம்பத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். முதலில், இரண்டு வட்டங்களும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும்வரை நடுவில் மடக்கி அகலத்தைச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். அடுத்து, வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்கி, பிறகு இடது கண்ணை மூடி, வலப்பக்கத்து வளையத்தைத் திருப்பி அந்தக் கண்ணுக்கும் தெளிவாக்க வேண்டும். அதன் பிறகு நடுச் சக்கரம் மட்டும் போதும்.

கடினமான பகுதி வேறு. எல்லோரும் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவார்கள், வானமும் இலையும்தான் தெரியும். பறவையை வெறும் கண்ணால் பார்த்து, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். தொடக்க இடத்தில் மின்கம்பத்தில் இருக்கும் எண்ணை வைத்து நாலைந்து முறை பழக்கிவிடுங்கள். ஓடிப்போகாத பொருளில் பழகியவர்களுக்குத்தான் ஓடும் பறவை பிடிபடும்.

அந்தப் பத்து நிமிடத்திலேயே விதிகளையும் சொல்லிவிடலாம்: மெதுவான குரல், வழிகாட்டியை முந்தக் கூடாது, கல் எறியக் கூடாது, கூட்டின் அருகே போகக் கூடாது. ஏன் என்று கேட்பார்கள். வலசை வந்த வாத்து, திரும்பிப் போகும் பயணத்துக்காக உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சத்தை நாம் செலவழிக்க வைக்கிறோம். இப்படிக் காரணம் சொன்னால் சிறுவர்களே பெரியவர்களைக் கட்டுப்படுத்துவார்கள்.

கரைமேல்: நிறுத்தம் நிறுத்தமாக

முழுக் கரையையும் ஒரே வேகத்தில் நடக்காதீர்கள். நாலைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் கால் மணி நேரமாவது நில்லுங்கள்.

முதல் நிறுத்தம் வயல் பக்கம் இருக்கட்டும். பனி விலகாதபோது தண்ணீரில் எதுவும் சரியாகத் தெரியாது, வயல் பக்கத்தில் பறவைகள் கிட்டத்திலேயே இருக்கும். நவரைப் பட்டத்து நெல் நடவுக்குச் சேடை ஓட்டுகிற, அதாவது சேற்றை உழுகிற டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் அரிவாள் மூக்கனும் ஓடும். கொக்குகளைப் பிரித்துக் காட்ட இதுதான் இடம். கறுப்பு அலகும் மஞ்சள் விரல்களும் இருந்தால் சின்னக் கொக்கு. அலகு மஞ்சளாக, கழுத்து குட்டையாக இருந்தால் உண்ணிக்கொக்கு. வரப்பில் மண் நிறத்தில் ஒடுங்கி நின்று, பறக்கும்போது திடீரென்று வெள்ளையாக மாறுவது மடையான். அது எழும்பும் அந்த ஒரு நொடியில் எல்லோரும் "அட!" என்பார்கள். நடை அங்கேதான் சூடுபிடிக்கும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை தகைவிலான்கள். மேலே வளைந்த இறக்கையோடு சுற்றிக்கொண்டே இருப்பது பனை உழவாரன், அது கம்பியில் உட்காரவே உட்காராது. ஒன்று உட்காரும், ஒன்று உட்காராது என்கிற இந்த வித்தியாசத்தை ஏழு வயதுக் குழந்தையும் மறக்காது.

அடுத்தது மதகு. கசிகிற ஈரத்தில் வாலாட்டிகள் கட்டாயம் இருக்கும். கறுப்பு வெள்ளையாக, வெண்புருவத்தோடு வருடம் முழுக்க இங்கேயே இருப்பது ஒன்று. மஞ்சள் வாலாட்டியும் சாம்பல் வாலாட்டியும் குளிர்காலத்துக்கு மட்டும் வருபவை. உள்ளூர்க்காரர், விருந்தாளி என்ற வேறுபாட்டை விளக்க இவற்றைவிட வசதியான பறவைகள் கிடையாது.

வெயில் கரைமேல் ஏறியதும் தண்ணீர்ப் பக்கம் திரும்புங்கள். நீண்ட நேரம் செலவிட வேண்டிய நிறுத்தம் இதுதான். முதலில் எல்லோரும் "கறுப்பா நிறைய வாத்து" என்பார்கள். அவற்றில் பெரும்பாலும் நாமக்கோழிதான் இருக்கும். நெற்றியில் வெள்ளைப் பட்டை, அலகும் வெள்ளை. நெற்றி சிவப்பாக இருந்தால் தாழைக்கோழி. இவை வாத்து இனமே அல்ல. பிறகு உண்மையான வாத்துகளுக்கு வாருங்கள். அலகு நுனியில் மஞ்சள் இருந்தால் இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்து. நீண்ட கூரிய வால் ஊசிவால் வாத்துக்கு. அகப்பை போல அகன்ற அலகை நீரில் வைத்துத் துழாவிக்கொண்டே போவது தட்டைவாயன். வேறு வாத்துகள் இருந்தாலும் முதல் நடையில் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாற்பது பெயர் சொன்னால் வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது.

தாமரையும் அல்லியும் படர்ந்த ஓரத்தில் நீளவால் இலைக்கோழி நடக்கும். பெயரைக் கேட்டவுடன் எல்லோரும் வாலைத் தேடுவார்கள். அந்த நீளவால் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டும் வளர்வது. குளிர்காலத்தில் இருக்காது. முன்பே சொல்லிவிட்டால் குழப்பம் தவிரும்.

தண்ணீர் வடிந்த சேற்று ஓரத்தில் உள்ளான்கள். இவற்றைப் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே சிரமம். நெடுங்கால் உள்ளானை மட்டும் காட்டுங்கள், இளஞ்சிவப்புக் கால்களைப் பார்த்தாலே போதும். மற்றவற்றில் அலகின் நீளத்தையும் இரை தேடும் ஆழத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரே சேற்றில் ஒன்று மேலாகக் கொத்துகிறது, இன்னொன்று அலகு முழுவதையும் இறக்குகிறது. ஒன்றோடு ஒன்று போட்டியிடாமல் எப்படிப் பிழைக்கின்றன என்பது அங்கேயே கண்ணுக்குத் தெரியும். நத்தைக்குத்தி நாரை நின்றால் அதன் அலகின் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தொலைநோக்கியில் காட்டுங்கள். தாங்கியில் நிறுத்தும் தொலைநோக்கி ஒன்று குழுவுக்கு இருந்தால் நல்லது. அதைக் குழந்தைகளின் உயரத்துக்கு முதலில் இறக்கிவையுங்கள், பெரியவர்கள் குனிந்துகொள்வார்கள்.

எட்டரைக்கு மேல், தரை சூடாகி வெப்பக்காற்று எழும்பும்போது பருந்துகள் வட்டமிடத் தொடங்கும். வால் நுனி கவைபோலப் பிளந்திருந்தால் கள்ளப்பருந்து, விசிறிபோல உருண்டிருந்தால் செம்பருந்து. ஏரிமேல் தாழ்வாக, இறக்கையை மேல்நோக்கிச் சற்றே தூக்கிவைத்துக்கொண்டு ஒன்று மிதந்து வந்தால் அது வலசை வந்த பூனைப்பருந்தாக இருக்கலாம். அது வரும் வழியில் வாத்துக் கூட்டமே எழும்பும்.

காட்டுவது எப்படி

"அதோ, அங்கே!" என்பதால் யாருக்கும் பயன் இல்லை. அடையாளத்திலிருந்து பறவைக்குப் போங்கள்: "இடப்பக்கம் இரட்டைப் பனை. அதுக்கு நேர் கீழே தண்ணியில ஒரு பட்ட மரம். அதோட வலது கிளை நுனி." மரத்தில் என்றால் கடிகார முள்ளாகச் சொல்லலாம். கையைச் சட்டென்று நீட்டாதீர்கள், பறவை போய்விடும். லேசர் விளக்கு வேண்டவே வேண்டாம்.

நீங்கள் பார்த்ததும் உடனே பெயரைச் சொல்லிவிடாமல், "அலகு என்ன நிறம்? வால் ஆடுதா?" என்று கேளுங்கள். பெயரைக் கேட்டவுடன் பெரும்பாலானவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தெரியாத பறவை வந்தால் "தெரியல, குறிச்சுக்குவோம்" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் போன்ற செயலி சிலர் போனில் இருக்கும். அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளலாம், கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை அனுமதிக்காதீர்கள். அந்தப் பறவை எதிரி வந்துவிட்டதாக நினைத்து அலைக்கழியும்.

படம் எடுப்பவர்களைச் சமாளிப்பது தனிக் கலை. கெட்ட எண்ணம் இல்லாமல்தான் ஒவ்வொரு அடியாக முன்னால் போய்க்கொண்டே இருப்பார்கள், கடைசியில் பறவை பறந்துவிடும். நிறுத்தத்துக்கு வந்ததும் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் பார்க்க, பிறகு படம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கூட்டைப் படம் எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

கணக்கு

ஒருவரைப் பட்டியல் எழுத நியமியுங்கள். கல்லூரி மாணவரோ, ஆர்வமுள்ள பள்ளிச் சிறுமியோ இருந்தால் அவர்களிடமே கொடுங்கள். தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஆட்களின் எண்ணிக்கை, பறவையின் பெயர், எத்தனை. பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் ஈபேர்ட் செயலியில் ஏற்றுவதாக இருந்தால் இவையெல்லாம் வேண்டும். பொங்கல் கணக்கெடுப்பில் ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் பார்த்திருக்க வேண்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். சாதாரணப் பறவை எப்போது குறையத் தொடங்கியது என்பதை இந்தப் பட்டியல்கள்தான் பின்னால் சொல்லும்.

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஓரத்தில் இருபதை எண்ணி, அந்த இருபது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, அதே அளவு முழுக் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். நாலைந்து பேரைத் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லி, பிறகு ஒப்பிடுங்கள். பேசாமல் வந்தவர்கள்கூட இதில் வாய் திறப்பார்கள்.

முடிக்கும்போது

ஒன்பது மணிக்கு டீக்கடை. பட்டியலை அங்கேதான் சத்தமாக வாசிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பறவையைச் சொல்லச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று கேட்பதைவிட, "அடுத்த முறை நீங்களே கண்டுபிடிக்கக்கூடியது எது?" என்று கேட்டால் பதில் உருப்படியாக வரும். வேடந்தாங்கல்காரர்கள் 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று கௌல், அதாவது எழுத்துமூல உத்தரவு வாங்கிய கதையை இந்த நேரத்தில் சொல்லலாம். நம் மாவட்டத்துக் கதை என்பதால் கேட்பார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிவந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலைக்குள் பட்டியலையும் நாலைந்து படங்களையும் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் ஆர்வம் பாதியாகிவிடும். மீன் குத்தகைக்காரருக்கும் ஒரு படம் போகட்டும். அதே செய்தியில் அடுத்த நடையின் தேதியையும் போடுங்கள். மார்ச் கடைசியில், அதே கரையில், அதே நேரத்தில் இருந்தால் நல்லது. அதற்குள் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பெரும்பாலும் கிளம்பியிருக்கும், தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும். தை மாதப் பட்டியலை அச்செடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்து, போய்விட்ட பறவைகளின் பெயர்களை அவர்களே கோடு போட்டு அடித்துக்கொண்டு வரச் சொல்லலாம்.